பிரெஞ்சு பீர் மரபும் விடுபட்ட சில உண்மைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு உணவு மரபைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒயின் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் நடுவில் உள்ள ஒரு பத்தியில், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒயின் மட்டுமே தெரியும் என்றும், பீர் என்பது ஜெர்மானியரிடமும் பெல்ஜியரிடமும் அவர்கள் அண்மையில் இரவல் வாங்கிய பானம் என்றும், அதனால்தான் பாண்டிச்சேரிக்குப் பீரைக் கொண்டுவரவில்லை என்றும் கட்டுரையாளர் அடுத்தடுத்து மூன்று செய்திகளைச் சொல்கிறார். முதல் இரண்டும் தவறானவை. மூன்றாவதற்கு அவர் காட்டும் காரணம் பொருந்தாது. தங்கள் நாளிதழைப் படித்துக் குறிப்பெடுக்கும் மாணவர்கள் எங்கள் வேலூரிலும் காட்பாடியிலும் ஏராளம் என்பதால் இதைச் சும்மா விட்டுவிட மனம் வரவில்லை.

நான் மதுவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதலைக்கு முன்பே ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய நான்கு மாவட்டங்களுள் எங்கள் வட ஆர்க்காடும் ஒன்று; அந்தக் கண்டிப்பு இன்னும் விட்டுப்போகாத குடும்பத்தில் வளர்ந்தவன் நான், பீரைத் தொட்டதும் இல்லை. ஆனால் கல்லூரியில் நீண்ட காலம் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நொதித்தலின் வரலாற்றை பிரெஞ்சு பீரை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது என்பதை அறிவேன். குடிக்காதவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். திராட்சை நன்றாகப் பழுக்க வெயில் வேண்டும். பாரிஸுக்கு வடக்கே போகப்போக அந்த வெயில் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் பிரான்சை ஒரே ஒயின் நாடாக எண்ணுவது, தமிழ்நாடு முழுவதையும் காவிரிப் படுகையாக எண்ணுவதற்குச் சமம். மேற்கே நார்மண்டியிலும் பிரிட்டனியிலும் ஆப்பிள் விளைந்தது, அங்கே ஆப்பிளில் இருந்து சைடர் வடித்தார்கள். பெல்ஜிய எல்லையை ஒட்டிய பிளாண்டர்ஸ், ஆர்த்துவா, பிக்கார்டி ஆகிய சமவெளிகளில் பார்லி விளைந்தது, அங்கே பீர்தான் அன்றாடப் பானமாக இருந்தது. கிழக்கே அல்சாஸில் மட்டும் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமும் சமவெளியில் பார்லியும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியும் அருகருகே நிற்கும். ரோமானிய எழுத்தாளர் பிளினி, இன்றைய பிரான்சாகிய கோல் நாட்டில் தானியத்தை ஊறவைத்துச் செய்யும் பானத்தைக் குறிப்பிட்டு, அதன் மேல் திரளும் நுரையை எடுத்துப் புளிப்பேற்றுவதால் அந்நாட்டு ரொட்டி மற்ற நாடுகளின் ரொட்டியை விட மென்மையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். தங்கள் கட்டுரையாளர் இரண்டு பத்திகளில் புகழ்ந்திருக்கும் பிரெஞ்சு ரொட்டியின் பூர்வீகத்திலேயே பீருக்குப் பங்கு இருந்திருக்கிறது. இன்னொரு சான்றும் உண்டு. அமியான் நகருக்கு அருகிலுள்ள கோர்பி மடத்தின் தலைவர் அடலார்ட், 822ஆம் ஆண்டில் மடத்துக்காக வகுத்த விதிகளில் ஹாப்ஸைச் சேகரிப்பது பற்றியும் அதைப் பீர் காய்ச்சுவதோடு தொடர்புபடுத்தியும் எழுதியிருக்கிறார். ஹாப்ஸையும் பீரையும் சேர்த்துப் பேசும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. பிரெஞ்சு மண்ணில் கிடைத்த சான்று இப்படி இருக்க, இதை இரவல் என்று எப்படிச் சொல்வது?

வடக்குப் பகுதியின் பீருக்கு அங்குள்ளவர்கள் வழங்கும் பெயர் பியேர் தெ கார்த். வைத்திருந்து குடிக்கும் பீர் என்பது அதன் பொருள். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பண்ணைகளில் பிறந்த வழக்கம் இது. கோடையின் முடிவில் பார்லி அறுவடையாகும். குளிர்காலத்தில் வயலில் வேலை குறைவு, ஆட்கள் ஓய்வாக இருப்பார்கள், களஞ்சியத்தில் தானியம் இருக்கும், குளிரின் காரணமாகக் காற்றில் உள்ள கேடு செய்யும் நுண்ணுயிர்களின் ஆட்டமும் அடங்கியிருக்கும். ஆகவே குளிர்காலம் முழுவதும் காய்ச்சி, வசந்தம் சூடேறுவதற்கு முன் கடைசிக் கொப்பரையை இறக்கி, நிலவறையில் அடைத்துவைத்து, வெயில் காலத்தில் வயல் வேலையாட்களுக்குக் கொடுப்பார்கள். கோடையில் காய்ச்சினால் புளித்துக் கெட்டுவிடும் என்பது அனுபவத்தால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் கெடுகிறது என்பது மட்டும் தெரியாது. அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை கண்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

என் மகள் வடக்கு பிரான்சின் லீல் நகரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், கிராமப்புறத்தில் உள்ள சிறிய பீர்ச்சாலை ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றாள். சுவையைப் பற்றி நான் பேச முடியாது. ஆனால் அங்கே மால்ட் மணிகளை வாயிலிட்டு மென்று பார்த்தேன். பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைகட்டி, சூளையில் உலர்த்தியது மால்ட். கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்துத் திரிக்கிறோமே, அதே வேலைதான். வெளிறிய மால்ட் மெல்லிய இனிப்போடு இருந்தது. சற்று அதிகச் சூட்டில் உலர்த்திய செம்மணியைக் கடித்தபோது, வறுத்த தானியத்துக்கே உரிய வாசம் மூக்கில் ஏறியது. பியேர் தெ கார்த்தின் செந்நிறத்துக்கும் மணத்துக்கும் அந்தச் செம்மணிதான் முதற்காரணம் என்று அங்கிருந்தவர் விளக்கினார். நீண்ட நேரம் கொதிக்கவைப்பதாலும் நிறம் ஆழமாகும்.

மற்றவை வேதியியல். அரைத்த மால்ட்டை ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவிட்டால், முளைவிடும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் இடுகிறார்கள். இங்கேதான் வடக்கத்தியர்களின் தனிவழி தெரிகிறது. ஆங்கிலேயர்கள் மிதமான சூட்டில் மேலே திரளும் ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்கவைத்தார்கள். ஜெர்மானியர்கள் குளிரில் அடியில் படியும் ஈஸ்ட்டை விரும்பினார்கள். வடக்கு பிரான்சில் இரண்டு வகையையும் பயன்படுத்துகிறார்கள். சில இடங்களில் குளிருக்கு உரிய ஈஸ்ட்டை வேண்டுமென்றே சற்று இளஞ்சூட்டில் வேலை செய்ய விடுகிறார்கள். நொதித்து முடிந்தபின் பல வாரங்கள் உறைநிலையை ஒட்டிய குளிரில் அப்படியே கிடக்க விடுகிறார்கள். கடுமையான மணங்கள் அடங்கி, மிதக்கும் துகள்கள் படிந்து, பானம் தெளிவதற்கு இந்தக் காத்திருப்பு வேண்டும். 1992ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணை, முதல் நொதித்தலுக்குப் பின் குறைந்தது 21 நாள் வைத்திருந்தால்தான் இந்தப் பெயரைப் புட்டியின் சீட்டில் அச்சிடலாம் என்று வரையறுத்திருக்கிறது. பண்ணைக்காரர்களின் பழக்கமாக இருந்தது இன்று சட்டத்தின் கணக்கில் ஏறிவிட்டது. கசப்புக் குறைவு, தானிய இனிப்பு முன்னிற்பது, ஆல்கஹால் 6 முதல் 8.5 விழுக்காடு வரை இருப்பது ஆகியவை இன்றைய பியேர் தெ கார்த்தின் அடையாளங்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று கடைகளில் விற்கும் இந்த வலுவான, இனிப்பான பீர் அப்படியே பல நூற்றாண்டு மாறாமல் வந்தது என்று விளம்பரங்கள் பேசினால் நம்ப வேண்டியதில்லை. முதல் உலகப் போருக்கு முந்தைய பண்ணைப் பீர் இதைவிட வலுக்குறைந்தது. மரப்பீப்பாயில் கிடந்ததால் புளிப்பேறியும் இருந்திருக்கும். வலுவைக் கூட்டி, புளிப்பை நீக்கி, கண்ணாடிப் புட்டியில் அடைத்தது இருபதாம் நூற்றாண்டின் வேலை. ஆனால் பருவத்துக்கேற்பக் காய்ச்சுவதும், காத்திருந்து திறப்பதும், உள்ளூர்ப் பார்லியை நம்பியிருப்பதும் தொடர்கின்றன. மார்ச் மாதத்தில் வெளிவரும் வசந்தப் பீரும், டிசம்பரில் வரும் கிறிஸ்துமஸ் பீரும் இன்றும் அங்கே நாட்காட்டியைப் பார்த்தே காய்ச்சப்படுகின்றன. மரபு என்று சொல்வதற்கு இவ்வளவு போதும் என்பது என் கருத்து.

புட்டியைப் பற்றிச் சொன்னதால் தங்கள் கட்டுரையின் படத்தையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. தடித்த பச்சைக் கண்ணாடிப் புட்டி, வாயில் தக்கை, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை ஆகியவற்றோடு கூடிய படத்தின் கீழே ‘ஷாம்பெயின்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சீட்டில் உள்ள எழுத்தைப் பார்த்தால் அது ‘த்ருவா மோன்’ என்னும் பீர். பிளாண்டர்ஸில் உள்ள சேன் சில்வெஸ்த்ர் கிராமத்துப் பீர்ச்சாலை காய்ச்சும் அதன் பெயருக்கு மூன்று மலைகள் என்று பொருள். காசெல், மோன் தே கா, ரெகோலே ஆகிய மூன்றும்தான் அந்த மலைகள். அவற்றுள் உயரமான காசெல் 176 மீட்டர் மட்டுமே. எங்கள் குன்றுகள் மரமில்லா மலை என்று கேலி பேசப்பட்டாலும், நாற்புறமும் கருங்கல் குன்றுகளைப் பார்த்தே வளர்ந்த வேலூர்க்காரர்கள் அதை மேடு என்பார்களே ஒழிய மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது கிடக்கட்டும். தக்கை அடைத்த புட்டியைப் பீருக்குப் பெயர்பெறச் செய்தது ஜென்லேன் என்ற சிற்றூர். அங்கே ஃபெலிக்ஸ் டுய்க் என்பவர் 1922இல் தொடங்கிய குடும்பப் பீர்ச்சாலை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஷாம்பெயின் புட்டிகளில் பீரை அடைத்து விற்றது. உள்ளே அழுத்தம் மிகுந்த பானத்தைத் தாங்கும் தடித்த புட்டி அது ஒன்றுதான் எளிதில் கிடைத்தது. பின்னர் லீல் நகரத்து மாணவர்கள் அந்தப் பீரை விரும்பத் தொடங்க, அழியும் நிலையில் இருந்த ஒரு வகைப் பீர் மறுபடியும் தலையெடுத்தது. ஆகவே தங்கள் படத்தைத் தேர்ந்தவரின் கண் ஏமாந்ததில் வியப்பில்லை.

அழியும் நிலை என்று சொன்னேன். அதற்குக் காரணம் மக்களின் சுவை மாறியது மட்டுமன்று. முதல் உலகப் போரில் லீல் உள்ளிட்ட வடக்குப் பகுதி நான்கு ஆண்டுகள் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. பீர் காய்ச்சும் கொப்பரைகள் செம்பால் ஆனவை. தளவாடங்களுக்குச் செம்பு தேவைப்பட்டதால், ஊர் ஊராகச் சென்று கொப்பரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கொப்பரை போனால் பீர்ச்சாலையில் மிஞ்சுவது நான்கு சுவர்தான். போர் முடிந்து பல குடும்பங்கள் தொழிலை மறுபடியும் தொடங்கவே இல்லை. தொடங்கியவர்களில் சிலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே ஆலையை நடத்தினார்கள். அடுத்த போர் வந்து மீண்டும் ஓர் இடி விழுந்தது. அதற்குப் பின் பெருநிறுவனங்களின் மலிவான, வெளிறிய லாகர் பீர் சந்தையைப் பிடித்தது. கிராமத்துக்குக் கிராமம் பீர்ச்சாலை இருந்த நாட்டில் 1980களுக்குள் எண்ணிக்கை சில பத்துகளுக்குச் சுருங்கிவிட்டது. இன்று 2,000க்கும் மேல் உயர்ந்திருக்கிறது என்றால், ஜென்லேன், சேன் சில்வெஸ்த்ர் போன்ற ஊர்களில் விடாப்பிடியாக நின்ற சில குடும்பங்களுக்கு அதில் பங்குண்டு.

அல்சாஸின் கதை வேறு. ‘அது ஜெர்மானியருடையதுதானே’ என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர் நகரம் பதினான்காம் லூயி மன்னர் கைக்கு வந்தது 1681இல்தான். அதற்கு முன்பே, 1664இல் ஜெரோம் ஹாட் என்பவர் அங்கே பீர்ச்சாலை தொடங்கிவிட்டார்; இன்று உலகெங்கும் விற்கும் குரோனென்பூர் அதன் வழிவந்தது. அதைவிடவும் பழைமையானது ஹோக்ஃபெல்டன் என்ற ஊரின் பீர்ச்சாலை. 1640ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டிருக்கும் அது இன்றும் ஒரு குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. ஆற்று வெள்ளம் அடிக்கடி நிலவறையில் புகுந்ததால் 1850இல் ஹாட் குடும்பத்தார் மேடான குரோனென்பூர் பகுதிக்கு ஆலையை மாற்றினார்கள், பிராண்டின் பெயர் அந்த இடத்திலிருந்து வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து பாரிஸுக்கு ரயில் பாதை திறந்ததும் அல்சாஸ் பீருக்குத் தலைநகரின் சந்தை கிடைத்தது. 1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்ஸ் தோற்று அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பிய அல்சாஸ்காரர்கள் பலர் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து பீரும் ஊறிய முட்டைக்கோசும் பரிமாறும் உணவகங்களைத் திறந்தார்கள். அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கூடும் இடமாகப் பெயர்பெற்ற லிப் உணவகம் 1880இல் அப்படித் தொடங்கப்பட்டதே. மொழியும் வழக்கமும் இரு நாட்டுக் கலவையாக இருக்கலாம், ஆனால் பிரெஞ்சு நகர வாழ்க்கையோடு இந்தப் பீர் எவ்வளவு பின்னிப்போனது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அல்சாஸில் விளையும் ஸ்ட்ரிசெல்ஷ்பால்ட் என்ற ஹாப்ஸ் வகைக்கு, கசப்பை விட மென்மையான மணத்துக்காகவே மதிப்பு. குரோனென்பூர் 2008 முதல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓபெர்னே நகரில் உள்ள அதன் பேராலை இன்றும் பிரான்சின் மிகப் பெரிய பீராலை.

இப்போது லூயி பாஸ்டருக்கு வருகிறேன். குன்னூரில் 1907இல் அவர் பெயரால் எழுந்த நிறுவனத்தாலும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியாலும், பால் பாக்கெட்டில் அச்சிட்ட ‘பாஸ்டரைஸ்டு’ என்ற சொல்லாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவரை அறிவார்கள். அவர் பீரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார் என்பதை என் வகுப்பில் சொன்னபோதெல்லாம் மாணவர்கள் சிரித்திருக்கிறார்கள். 1854இல் லீல் அறிவியல் கல்விப்புலத்தின் தலைவராக அவர் பொறுப்பேற்றார். பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடிக்கும் ஓர் உள்ளூர் ஆலையில் நொதித்தல் திரும்பத் திரும்பக் கெட்டுப்போனதைப் பற்றி அதன் உரிமையாளர் அவரிடம் முறையிட்டது 1856இல். ஆலைக்குப் போய்த் தொட்டிகளின் மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்தவர், நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்களையும் கெட்ட தொட்டியில் வேறு வடிவ உயிர்களையும் கண்டார். நொதித்தல் என்பது வெறும் வேதிச் சிதைவு, உயிர்களின் செயல் அன்று என்று அன்றைய பெரிய வேதியியலாளர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலம் அது.

1870ஆம் ஆண்டுப் போரின் தோல்வி அவரைக் கடுமையாகப் பாதித்தது. பான் பல்கலைக்கழகம் தனக்கு அளித்திருந்த மதிப்புப் பட்டத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். ஜெர்மானியர்கள் மேலோங்கி நிற்கும் ஒரு தொழிலில் பிரான்சை முந்தச் செய்ய வேண்டும் என்ற வீம்புடன், கிளேர்மோன் ஃபெரானை அடுத்த ஷமாலியேரில் உள்ள ஒரு பீர்ச்சாலையில் 1871இல் ஆய்வைத் தொடங்கினார். அதே ஆண்டில் லண்டன் சென்று விட்பிரெட் பீராலையில் அவர்களுடைய ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் கலந்திருந்த தீய நுண்ணுயிர்களை அங்கேயே சுட்டிக்காட்டினார். லொரேனில் உள்ள தாந்தோன்வில் ஊரின் தூர்தெல் பீராலையும் அவருடைய சோதனைகளுக்கு இடம் கொடுத்தது. இவற்றின் பயனாக 1876இல் பீர் பற்றிய அவருடைய ஆய்வு நூல் வெளிவந்தது. பீரில் ஏற்படும் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் காரணம் என்று படங்களுடன் காட்டிய அந்த நூலில், பீருக்கு அவர் முதன்மையாகப் பரிந்துரைத்தது சூடாக்குவதை அன்று. கொதித்த சாற்றைத் தூய காற்று மட்டும் படும்படி மூடிய கலத்தில் ஆறவைத்துத் தூய ஈஸ்ட்டை இட வேண்டும் என்பதே. பின்னாளில் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தது இந்தப் பாதையில் அடுத்த அடி. இதில் வேடிக்கை என்னவென்றால், பாஸ்டருக்குப் பீர் அவ்வளவாகப் பிடிக்காது. சுவை பார்த்துச் சொல்வதற்கு அவருடைய நண்பரும் இயற்பியலாளருமான பெர்த்தேனை நம்பியிருந்தார். அவரோ, முதலில் நல்ல பீரைக் கொடு, பாடத்தை அப்புறம் நடத்து என்று கிண்டல் செய்தவர். பீரைத் தொடாத ஆசிரியன் பீரைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குக் கிடைக்காது.

நோயைக் கிருமி உண்டாக்குகிறது என்ற கோட்பாட்டுக்கு அவர் வந்த வழியில் ஒயினும் பட்டுப்புழுவும் பீரும் வரிசையாக நின்றன. பாலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அந்த வழியை விளக்க முடியாது. மருத்துவக் கல்லூரியாலும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாலும் பெயர் வாங்கிய எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பிற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனியில் மோர்லே நகரில் 1985இல் தொடங்கிய கொரெஃப், ஆங்கிலேய பாணியைத் தழுவிச் சிறு பீர்ச்சாலைகளின் மறுவரவுக்கு வழிகாட்டியது. அதே வட்டாரத்தில் கோதுமையோடு உறவில்லாத பக்வீட் என்னும் தானியத்தைச் சேர்த்தும் பீர் காய்ச்சுகிறார்கள். கோர்சிகா தீவில் 1996 முதல் வரும் பியெத்ராவில் அந்தத் தீவின் செஸ்ட்நட் கொட்டை மாவு சேர்கிறது. இவை புதியவை, மரபு என்று அழைக்க நான் துணிய மாட்டேன்.

எஞ்சியிருப்பது, பாண்டிச்சேரிக்கு ஏன் பீர் வரவில்லை என்ற கேள்வி. நம் கரைக்கு பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டுவந்த கிழக்கிந்தியக் கம்பெனியை அமைச்சர் கொல்பேர் நிறுவியதும் 1664இல்தான். ஜெரோம் ஹாட்டின் ஆண்டோடு அது ஒத்துப்போவது தற்செயல். அந்தக் கம்பெனியின் கப்பல்கள் மேற்குக் கரையில் பிரிட்டனியின் லோரியான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அதற்குத் தெற்கே, கடல்வழியில் எளிதில் எட்டும் தொலைவில் போர்தோ ஒயின் சந்தை இருந்தது. பீர் காய்ச்சும் பிளாண்டர்ஸும் அல்சாஸும் நாட்டின் மறுகோடியில் இருந்தன. அங்கே காய்ச்சிய பீர் அந்த வட்டாரத்திலேயே தீர்ந்துவிடும் சரக்கு; நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் வெயிலில் உருளும் பீப்பாயில் அது கெடாமல் வந்திருக்கவும் முடியாது. லண்டன் பீர்ச்சாலைகளுக்கு இந்த வாய்ப்பு இருந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பல்துறை அவர்களுடைய வாசலிலேயே இருந்தது, ஹாப்ஸை மிகுதியாகச் சேர்த்த அவர்களுடைய பீர் இந்தியா வரை தாங்கியது. ஆகவே பீர் வராததற்குக் காரணம் துறைமுகமும் தொலைவும், அறியாமை அன்று. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீனை வீழ்த்திய பிரெஞ்சுப் படையிலும், 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையிலும் வடக்குப் பகுதியிலிருந்து வந்த சிப்பாய்கள் இருந்திருக்கக் கூடும். இரண்டு களமும் பழைய வட ஆர்க்காட்டு மண். ஊரில் பீர் குடித்து வளர்ந்த அவர்கள் இங்கே சாராயத்தாலும் கள்ளாலும் சமாளித்திருப்பார்கள் என்று நான் ஊகிப்பதுண்டு; இது ஊகம் மட்டுமே என்பதால் இதற்கு மேல் நீட்டவில்லை.

ஆசிரியர் அவர்கள் அருள்கூர்ந்து அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் பத்தியையும், படத்தின் கீழுள்ள ‘ஷாம்பெயின்’ என்ற குறிப்பையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். மாணவர் பக்கத்தில் பாஸ்டரைப் பற்றிய தொடர் ஒன்று வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1876ஆம் ஆண்டு நூலுக்கு ஒரு வாரம் ஒதுக்க முடியுமானால், லீல் தொட்டியில் அவர் கண்ட இரண்டு வகைச் செல்களின் படத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நேரடியாகப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.